‘சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவார்’ என்று காத்திருக்காதீர்கள்

மறதி நோய் உள்ள பெரியவர் வீட்டில் இல்லை என்று தெரிந்ததும் எழும் முதல் பேச்சு, ‘பக்கத்தில்தான் எங்காவது போயிருப்பார், சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவார்’ என்பது. சாயங்காலம் அது, ‘24 மணி நேரம் ஆகாமல் ஸ்டேஷனில் புகார் எடுக்க மாட்டார்கள்’ என்று மாறும். இரண்டையும் நம்பாதீர்கள்.

24 மணி நேரக் கெடு எந்தச் சட்டத்திலும் இல்லை. தமிழ்நாட்டில் ‘காணவில்லை’ என்ற தலைப்பிலேயே முதல் தகவல் அறிக்கை பதிவு செய்கிறார்கள். மனு ரசீதான சி.எஸ்.ஆரோடு திரும்பி வராமல் அந்த முதல் தகவல் அறிக்கையையே கேட்டு வாங்குங்கள். மதுரையில் எல்லைக் குழப்பம் வேறு உண்டு. மாநகரம் கமிஷனரின் கீழ் வருகிறது. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி எல்லாம் மாவட்ட எஸ்.பி.யின் கீழ். எந்த ஸ்டேஷன் என்று யோசித்து நிற்பதற்கு முன் 112-ஐ அழையுங்கள். எல்லையைப் பார்த்துத் தகவல் அனுப்புவது கட்டுப்பாட்டு அறையின் வேலை.

‘போலீஸ் நினைத்தால் ஊரிலுள்ள எல்லா செல்போனுக்கும் செய்தி அனுப்பிவிடலாமே’ என்கிறார்கள். அமெரிக்காவில் காணாமல் போன முதியவர்களுக்காக ‘சில்வர் அலர்ட்’ என்ற அறிவிப்பு ஏற்பாடு உண்டு. புளோரிடா மாநிலத்தில் அது 2008-ல் வந்தது. பெரியவர் கார் ஓட்டிச் சென்றிருந்தால் நெடுஞ்சாலை மின்பலகைகளில் வண்டி எண் ஒளிரும். நம் நாடு முழுவதற்கும் அப்படி ஒன்று இன்னும் இல்லை. இருக்க வேண்டும் என்பதே என் கட்சி. இன்று இங்கே நடப்பது வயர்லெஸ் தகவல், ரோந்துப் போலீசார், ஸ்டேஷன்களின் வாட்ஸ்அப் குழுக்கள், சமூக வலைதளப் பதிவு, நாளிதழில் ஒரு படம். இவற்றாலும் ஆளைக் கண்டுபிடிக்க முடியும். ஆனால் நீங்கள் கொடுக்கும் விவரம் எவ்வளவு சரியோ, அறிவிப்பும் அவ்வளவுதான் பலிக்கும்.

பெரும்பாலான குடும்பங்கள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. பேத்தி கல்யாணத்தில் தலைக்குச் சாயம் பூசி, பட்டு வேட்டியோடு எடுத்த பழைய படத்தைக் கொடுத்தால் மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் நிற்கும் காவலருக்கு அடையாளம் தெரியாது. போன வாரம் திண்ணையில் லுங்கியும் நரைத்த தாடியுமாக உட்கார்ந்திருந்தபோது எடுத்த படம்தான் வேண்டும். என்ன உடுத்தியிருந்தார், காலில் செருப்பு உண்டா, எந்த மாத்திரை சாப்பிடுகிறார், எந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார் என்பதையும் சொல்லுங்கள். ஆதார் அட்டையில் உள்ள பெயருக்கு அசையாதவர் ‘வாத்தியாரே’ என்றால் நின்றுவிடலாம்.

பழைய இடங்கள் அதைவிட முக்கியம். மதுரா கோட்ஸ் மில்லில் ஷிப்ட் பார்த்தவர் விடியற்காலையில் மில் கேட்டைத் தேடி நடக்கலாம். மாட்டுத்தாவணிக்குப் போய்விட்ட சென்ட்ரல் மார்க்கெட்டை மீனாட்சியம்மன் கோயில் பக்கத்திலேயே தேடலாம் ஒரு பழைய வியாபாரி. இங்கிலாந்தில் இத்தகைய விவரங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் படிவத்துக்கு ‘ஹெர்பர்ட் நெறிமுறை’ என்று பெயர். இரண்டாம் உலகப்போரில் நார்மண்டியில் இறங்கிய ஜார்ஜ் ஹெர்பர்ட், முதுமையில் மறதி நோயோடு, சிறுவயதில் வாழ்ந்த வீட்டைத் தேடிப் போன வழியில் இறந்தார். அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

‘ராமேஸ்வரம், திருச்செந்தூர் என்று போயிருப்பார்’ என்று உறவினர்கள் காரெடுத்துக் கிளம்புவார்கள். ஆனால் முதலில் தேட வேண்டியது பக்கத்தில்தான். ஜப்பானில் 2024-ல் மறதி நோயாளிகள் 18,121 பேரைக் காணவில்லை என்று போலீசில் புகார் வந்தது. பிணமாகக் கிடைத்த 491 பேரில் பெரும்பாலோர் காணாமல் போன இடத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள்தான் கிடந்தார்கள். ஆறும் வாய்க்காலும் காடும் அவர்களைப் பலிகொண்டிருந்தன. நம் ஊரிலும் கண்மாய்க்கரை, கருவேலங்காடு, மழைநீர் ஓடை, பூட்டிய வீட்டின் பின்புறம் என்று பக்கத்திலிருந்தே தேடத் தொடங்க வேண்டும். பெயர் சொல்லிக் கத்தினால் பதில் வரும் என்றும் நினைக்க வேண்டாம். இவர்கள் பெரும்பாலும் குரல் கொடுப்பதில்லை. புதரில் சிக்கினாலும் உதவிக்குக் கூப்பிடுவதில்லை. கண்ணால்தான் தேட வேண்டும். சித்திரை வெயிலில் தண்ணீரில்லாமல் ஒரு முதியவர் எவ்வளவு நேரம் தாங்குவார்?

பஸ்ஸை மட்டும் விட்டுவிடாதீர்கள். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் இல்லை. கையில் பைசா இல்லாத பாட்டி கூட ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய்விடலாம். அந்த வழித்தடத்தின் நடத்துநர்களிடம் முதலிலேயே படத்தைக் காட்டுங்கள்.

‘காணாமல் போனவரைப் பார்த்தாலே தெரிந்துவிடும்’ என்பது பொதுமக்களின் நம்பிக்கை. தெரியாது. சலவை வேட்டியோடு, ‘மகன் வீட்டுக்குப் போறேன்’ என்று கணீரென்று சொல்வார். எந்தத் தெரு என்று கேட்டால்தான் தடுமாறுவார். அவரைக் குடிகாரர் என்று விரட்டாதீர்கள். உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, 112-ஐ அழையுங்கள். காவலர் வரும்வரை கூட இருங்கள். முதியோர் உதவி எண் 14567-ம் இருக்கிறது.

படத்தைப் பகிர்பவர்களுக்கு: தேதியும் ஸ்டேஷன் எண்ணும் இல்லாத பதிவைப் பகிராதீர்கள். வீட்டாரின் போன் எண்ணைப் போட்டால் ‘ஆள் எங்களிடம்தான், பணம் அனுப்பு’ என்று மோசடிக்காரர்கள் அழைக்க வழியாகும். ஆள் கிடைத்ததும் பதிவை நீக்குங்கள்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய ஆய்வு கணக்கிட்டது. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தால், இன்றே ஒரு புதுப்படம் எடுத்து, மேலே சொன்ன விவரங்களை ஒரு தாளில் எழுதி, பீரோ கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள்.