இரைப்பைப் புற்றுநோயாளியைச் சந்திக்கப் போகுமுன்



இரைப்பைப் புற்றுநோய் என்று கேட்டவுடன் "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று சபையார் பலர் தீர்மானித்துவிடுகிறார்கள். வார்டில் ஜெபிக்க வருகிறவர்களும் நோயாளியின் காதுபட இப்படிப் பேசுவதுண்டு. ஆகவே இம்முறை இதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

1881-ல் வியன்னா நகரில் தியோடர் பில்ரோத் என்னும் மருத்துவர், ஒரு பெண்ணின் இரைப்பையில் புற்று இருந்த பகுதியை வெட்டியெடுத்து மீதியைக் குடலோடு இணைத்தார். அந்தப் பெண் ஏறக்குறைய நான்கு மாதமே உயிரோடிருந்தார். அன்று தொடங்கிய வழி இன்று வெகுதூரம் வந்திருக்கிறது. மிகத் துவக்கத்தில் கண்டால் எண்டோஸ்கோப்பிக் குழாய் வழியாகவே சிலருக்குக் கட்டியை அகற்றலாம். சற்று வளர்ந்திருந்தால், உடல் தாங்கக்கூடியவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒன்றாக 4 தவணை மருந்து ஏற்றி, பின் அறுவை செய்து, மறுபடியும் 4 தவணை ஏற்றும் முறை உண்டு. நோய் பரவிவிட்டாலும் மருந்து ஆயுளைச் சிறிது நீட்டும். அடைத்த வழியைத் திறக்க ஸ்டென்ட் வைக்கலாம். வலிக்கு மார்ஃபின் மாத்திரை இருக்கிறது. இவையும் சிகிச்சைதான்.

கல்வராயன் மலையில் சிக்கல் வேறு. வயிற்றெரிச்சல் என்று கடையில் மாத்திரை வாங்குகிறார்கள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை புற்றுப்புண்ணுக்கும் கொஞ்சம் சுகம் காட்டும். அந்தச் சுகத்திலேயே மாதங்கள் போய்விடுகின்றன. நாலு வாய்க்குள் வயிறு நிறைவது, எடை குறைவது, கறுப்பாக மலம் போவது, ஓயாத வாந்தி இவற்றைக் கண்டால் எண்டோஸ்கோப்பி செய்யச் சொல்லுங்கள்.

வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி, அங்கிருந்து சேலத்துக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போகவேண்டும். 8 தவணை என்றால் 8 பயணம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அறுவைக்கும் மருந்துக்கும் கைகொடுக்கும். துணைக்கு வருகிறவர் இழக்கும் கூலிக்குக் கொடுக்காது. மரவள்ளி பிடுங்கும் நாளில் தவணை வந்தால் எதை விடுவார்கள் என்று நீங்களே யோசியுங்கள்.

இனி சாப்பாடு. நம்மவர்களுக்கு அன்பு என்றால் ஊட்டுவது. இந்த நோயில் அதுவே உபத்திரவமாகிறது. இரைப்பை முழுவதையும் எடுத்தவருக்கு உணவுக்குழாயைச் சிறுகுடலோடு சேர்த்திருப்பார்கள். சோற்றைத் தங்கவைக்க இடமில்லை. ஆகையால் நாளுக்கு ஆறு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக, நன்றாக மென்று சாப்பிடவேண்டும். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் இடைவெளியில் குடிக்கவேண்டும். நாம் வாங்கிப்போகும் ஜூஸும் சர்க்கரை கூட்டிய ஹார்லிக்ஸும் குடலுக்குள் சட்டென்று இறங்கி, படபடப்பும் வியர்வையும் மயக்கமும் பேதியும் உண்டாக்கக்கூடும். முட்டை கொண்டுபோங்கள், தயிர் கொண்டுபோங்கள். மலைச் சாமையைக் குழைய வேகவைத்துப் பருப்பு சேர்த்தாலும் நல்லது. இவர்களுக்கு வைட்டமின் பி12 ஊசி ஆயுள் முழுவதும் தேவை. உடம்பு தேறினபின் இதை மறந்துவிடுகிறவர்கள் அநேகர்.

கடைசி நாட்களில் பசி எடுக்காதது பிடிவாதமல்ல, நோயின் வேலை. அப்போது வற்புறுத்தி ஊட்டாமல் உதட்டையும் நாவையும் நனைத்துக்கொண்டிருந்தால் போதும்.

"ஐயா, அவருக்கு மட்டும் சொல்லாதீங்க" என்று குடும்பத்தார் கேட்பார்கள். பெரும்பாலும் அவருக்குத் தெரிந்தே இருக்கும். வீட்டாருக்காக அவர் மறைப்பார். நீங்களாக எதையும் சொல்லவேண்டாம். அவர் பேச ஆரம்பித்தால் பேச்சை மாற்றாதிருங்கள். புறப்படுமுன் வீட்டாரைத் தனியே அழைத்து, அடுத்த தவணை என்றைக்கு, துணைக்குப் போவது யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.