மலாயைட்டு: ஒரு கனிமப் பெயரின் பொருளும் வழக்கும்

ரப்பர்த் தோட்டத்தில் வளரும் சிறுவனும் ‘ஒட்டுப்பால்’ என்பதன் பொருளை அறிவான். மரத்தின் வெட்டிலும் கோப்பையிலும் ஒட்டி உறைந்த பால் அது. பெயரே பொருளை உரைத்துவிடுகிறது. கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவின் பெயரும் அத்தகையதே. மலாய் மொழியில் ‘தானா’ என்றால் நிலம். ‘ராத்தா’ என்றால் சமமானது. மலைகளுக்கிடையே அமைந்த சமநிலம் என்பது கருத்து. இவ்வாறு பெயரைப் பிரித்துப் பொருள் காணும் முறையை, நம் நாட்டின் பெயரைத் தாங்கிய ஓர் அரிய கனிமத்தைக் கொண்டு பயில்வோம்.

தானா ராத்தாவுக்கு ஏறும் பழைய மலைச்சாலை தாப்பாவில் தொடங்குகிறது. தாப்பா, பேராக் மாநிலத்துப் பத்தாங் பாடாங் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதே மாவட்டத்தில், செண்டிரியாங்கை அடுத்த சுங்கை லா ஈய லம்பத்தில் கிடைத்த ஒரு கனிமத்தை ஆராய்ந்து, அலெக்சாண்டர், பிளின்டர் என்னும் அறிஞர் இருவர் 1965-இல் வெளியிட்ட கட்டுரையில் ‘மலாயைட்டு’ என்று பெயரிட்டனர்.

‘மலாயா’ என்பது இடப்பெயர். ‘ஐட்டு’ என்பது பழங்கிரேக்க வழக்கிலிருந்து வந்த ஈறு. ‘அதனைச் சார்ந்த கல்’ என்னும் கருத்தைத் தருவது. ஆகவே மலாயைட்டு என்பது மலாயாவைச் சார்ந்த கல்லாகும். 1963-இல் மலேசியா உருவாகியும், தீபகற்பத்தின் பழம்பெயர் இக்கல்லில் நிலைத்துவிட்டது.

சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம், வெள்ளீயம், சிலிக்கன், ஆக்சிசன் ஆகியவை இணைந்தது மலாயைட்டு. இதன் எடையில் ஏறக்குறைய 44 விழுக்காடு வெள்ளீயமே. எனினும் வெள்ளீயம் சிலிக்கனோடு இறுகப் பிணைந்திருப்பதால், அதனை உருக்கிப் பிரித்தெடுப்பது கடினம். லம்பங்களில் நம்மவர் கழுவி எடுத்தது, 78 விழுக்காடு வெள்ளீயமுள்ள காசிட்டரைட்டு என்னும் வேறொரு கனிமமாகும். ஆயினும் மலாயைட்டின் அமைப்பு பயனற்றதன்று. அதே அமைப்பைச் சூளையில் செயற்கையாக உண்டாக்கிச் சிறிதளவு குரோமியம் சேர்த்தால், பீங்கானுக்கும் ஓட்டுக்கும் ஏற்ற இளஞ்சிவப்பு நிறம் கிடைக்கிறது.

இனி வழக்கைக் காண்போம். மணிக்கல் வணிகத்தில் ‘மலாயா கார்னெட்’ என்றொரு கல் உண்டு. அதற்கும் நம் மலாயாவுக்கும் தொடர்பில்லை. அது கிழக்கு ஆப்பிரிக்காவில் கிடைப்பது. கூட்டத்திலிருந்து விலக்கப்பட்டது என்னும் பொருளுடைய சுவாகிலிச் சொல்லே அதன் பெயருக்கு மூலம் என்பர். ஒலி ஒத்திருப்பதனால் பொருளும் ஒத்திருக்கும் என்று கொள்ளலாகாது.

இப்பாடம் நம் அடுப்பங்கரைக்கும் உரியது. ‘ஈயம்’ என்னும் ஒரே சொல்லை நாம் இரண்டு உலோகங்களுக்கு வழங்குகிறோம். ஒன்று வெள்ளீயம்: இரசம் வைக்கும் ஈயச்சொம்பும், பித்தளைப் பாத்திரத்தில் பூசும் ஈயமும் இதுவாகவே இருத்தல் வேண்டும். மற்றொன்று காரீயம்: இது நஞ்சு. புளிப்புள்ள உணவில் இது கரையும். சிறிது சிறிதாக உடலில் சேர்ந்து குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கரைந்திருப்பதைக் கண்ணாலோ நாவாலோ அறிய இயலாது. ஆகவே, சொம்பு வாங்கும்போதும் ஈயம் பூசக் கொடுக்கும்போதும் ‘ஈயமா?’ என்று கேட்பது போதாது. ‘கலப்பற்ற வெள்ளீயமா?’ என்று கேட்டறிதல் வேண்டும். ஐயம் தீராத பாத்திரத்தை அடுப்பில் ஏற்றாதிருப்பதே நன்று.

தொலைவிலுள்ள ஒரு கல்லின் பெயரைத் தவறாகச் சொன்னால் இழப்பு சிறிது. வீட்டிலுள்ள உலோகத்தின் பெயரை மயங்கி வழங்கினால் இழப்பு நம் பிள்ளைகளுக்கு.

பயிற்சி

1. ‘மலாயைட்டு’ என்னும் பெயரைப் பிரித்துப் பொருள் கூறுக.
2. மலாயைட்டில் வெள்ளீயம் மிகுதியாக இருந்தும் அதனைப் பிரித்தெடுப்பது கடினமாவது ஏன்?
3. உங்கள் வீட்டில் ‘ஈயம்’ எனப்படும் பொருள்களைக் கணக்கெடுத்து, எவை வெள்ளீயம் என்பதைப் பெரியோரிடமும் விற்றவரிடமும் கேட்டறிக.