வகுப்பறைக்குப் புஸ்தகம் சேர்க்கும் வழி

மாணாக்கர்களுக்குப் புஸ்தகம் சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் உதித்தவுடன் உபாத்தியாயர் பெரும்பாலும் முதலில் தேடிப் போவது தர்மவான் ஒருவரைத்தான். அவரும், மனம் நல்லதாகவே இருந்தபோதிலும், பரணில் கிடந்த வருமானவரிக் கையேடுகளையும் காலாவதியான கம்ப்யூட்டர் புஸ்தகங்களையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஒரு புண்ணிய காரியம் முடிந்ததென்று நிம்மதியடைந்துவிடுகிறார். ஆகவே தானம் கேட்பதைக் கடைசியில் வைத்து, நமக்கு உரிமையாக வருவது, இலவசமாகக் கிடைப்பது, மலிவாக வாங்கக்கூடியது என்ற கிரமத்தில், மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறுப் பகுதி ஆசிரியர் ஒருவர் செய்யத்தக்கவற்றை இங்கே சொல்லுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முந்திய காரியம் ஜாபிதா எழுதுவது. வகுப்பில் யார் எழுத்துக் கூட்டி வாசிக்கிறார்கள், யார் பத்தி பத்தியாக வாசிக்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கம் தன் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளாகப் பிரித்திருப்பது இதற்கு நல்ல அளவுகோல். பிறகு, முப்பது தலைப்புகளில் ஒவ்வொரு பிரதி என்று ஆசைப்படாமல், ஆறு தலைப்புகளில் ஐந்தைந்து பிரதி என்று எழுதிக்கொள்வதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். ஒரே கதையை ஐந்து பேர் வாசித்தால்தான் அதைப்பற்றிச் சண்டை போட முடியும்.

அடுத்து, உரிமையாக வர வேண்டியது வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். அரசுப் பள்ளிகளுக்கும் உதவிபெறும் பள்ளிகளுக்கும் பாடநூல்கள் இலவசம். மற்றவர்களும் கல்லூரிச் சாலையிலுள்ள பாடநூல் கழகத்தின் இணையதளத்திலிருந்து அவற்றைச் செலவின்றி இறக்கிக்கொள்ளலாம். அரசுப் பள்ளியாயின், பள்ளியின் நிலைக்கு ஏற்ப ஆண்டுக்கு ரூ.5,000 முதல் ரூ.20,000 வரை நூலக மானியம் அளிக்க சமக்ர சிக்ஷா திட்டத்தில் இடமிருப்பதால், இவ்வாண்டு அது வந்ததா, எதற்குச் செலவாயிற்று என்பதைத் தலைமையாசிரியரிடம் பணிவாக விசாரித்து, நம் ஜாபிதாவைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வைத்துவிட வேண்டும்.

இனி, அச்சிட்டுக்கொள்ளத் தடையில்லாத நூல்கள். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் படங்களோடும் நிலைவாரியாகவும் இருக்கின்றன. எழுதியவர், வரைந்தவர் பெயர்களைக் குறிப்பிட்டால் போதும், யாரும் அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், திருத்தியும் வழங்கலாம். கோட்டூர்புரத்துத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ, நாட்டுடைமையாக்கப்பட்ட ஆசிரியர்களின் நூல்களோடு, பெரியசாமித் தூரன் பதிப்பாசிரியராக இருந்து உருவாக்கிய குழந்தைகள் கலைக்களஞ்சியமும் கிடைக்கிறது. அதன் விஞ்ஞானச் செய்திகள் சில பழசாகிவிட்டன என்றாலும், அந்தத் தமிழின் தெளிவு இன்றைய பாடநூல்களில் அபூர்வம். ஜெராக்ஸ் எடுக்கலாமா என்று தயங்குவோருக்கு ஒரு வார்த்தை: 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கற்பித்தலின் பொருட்டு ஆசிரியரும் மாணவரும் பிரதி எடுப்பதை அனுமதிக்கிறது; டில்லிப் பல்கலைக்கழகத்து ஜெராக்ஸ் கடையின் மீது மூன்று பெரிய வெளிநாட்டுப் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கிலும் 2016-இல் டில்லி உயர்நீதிமன்றம் இந்தப் பிரிவையே ஆதாரமாகக் கொண்டது. ஆனால் பாடத்துக்கு வேண்டிய பக்கங்களைப் பிரதி எடுப்பது வேறு, ஜீவித்திருக்கும் எழுத்தாளர் ஒருவரின் ஐம்பது ரூபாய்க் கதைப் புஸ்தகத்தை முழுவதும் பிரதி எடுத்து விநியோகிப்பது வேறு. பின்னதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

பழைய புஸ்தகம் என்றால் லஸ். மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோன பிறகு பழைய நூல்களுக்கு அந்த ஸ்தானம் வேறெங்கும் அமையவில்லை என்று வருந்துவோர் உண்டெனினும், மயிலாப்பூர்வாசிகளுக்கு ஆழ்வார் என்பவர் நடைபாதையில் நடத்தி வந்த கடை தலைமுறைகளாக அந்தக் குறையைத் தீர்த்து வந்திருக்கிறது. இப்படிப்பட்ட கடைகளுக்குச் சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில் போகாமல், வார நாளில் காலையில் போய், ஜாபிதாவைக் கடைக்காரரிடமே கொடுத்து, “வரும்போது எடுத்து வையுங்கள், வாரம் ஒருமுறை வந்து பார்க்கிறேன்” என்று சொல்லிவைப்பது, ஒவ்வொரு புஸ்தகத்துக்கும் நின்று பேரம் பேசுவதைவிட இருவருக்கும் ஸௌகரியம். அகராதி, அட்லாஸ், ஆங்கிலக் கதைகள் இவற்றை அங்கே தாராளமாக வாங்கலாம். பாடநூலும் கோனார் உரையும் மட்டும் பதிப்பாண்டைப் பாராமல் வாங்கலாகாது. 2018-ஆம் ஆண்டு தொடங்கிப் பாடத்திட்டம் படிப்படியாக மாறிவிட்டபடியால், அதற்கு முந்தியவை எத்தனை மலிவானாலும் பரீட்சைக்கு உதவா.

புதிய நூல்களுக்குத் தியாகராய நகர் போதும். வானதி பதிப்பகம் தீனதயாளு தெருவிலும், மணிமேகலைப் பிரசுரம் தணிகாசலம் சாலையிலும் இருக்கின்றன. பள்ளியின் லெட்டர்பேடில் தலைமையாசிரியரின் கையொப்பத்தோடு கடிதம் கொண்டு நேரே பதிப்பாளரிடம் போவதன் காரணம் இதுதான்: கடைக்காரருக்குக் கொடுக்கும் கமிஷனில் ஒரு பங்கைப் பள்ளிக்குக் கொடுக்கப் பதிப்பாளர் பெரும்பாலும் மறுப்பதில்லை. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சியில் எல்லோருக்கும் கிடைக்கும் பத்து சதவிகிதத் தள்ளுபடியோடு திருப்தியடைய வேண்டியதில்லை. கடைசி நாட்களில் போய், அட்டை கசங்கிய பிரதிகள் உண்டா என்று கேட்கலாம். குறைந்த விலைக்கு நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புஸ்தகாலய வரிசையையும், விஞ்ஞானத்துக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ மாத இதழையும் மறக்கலாகாது.

வாங்காமலேயே பயன்பெறுவதற்கு அடையாற்றின் பக்கம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. 2010 முதல் நடந்து வரும் அந்நூலகத்தின் குழந்தைகள் பிரிவையும், சற்று தூரத்திலுள்ள பிர்லா கோளரங்கத்தையும் ஒரே நாளில் காட்டிவிடலாம்.

இப்போது தர்மவானிடம் போகலாம். பணமாகவோ பழைய மூட்டையாகவோ கேளாமல், ஜாபிதாவில் மிஞ்சிய தலைப்பு, பதிப்பகம், பிரதி, கிரயம் இவற்றை எழுதிக் கொடுத்து, தொகையைப் பதிப்பகத்திற்கே செலுத்தி ரசீதைப் பள்ளிக்கு அனுப்பும்படி வேண்டிக்கொள்ள வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களிடமும் பரீட்சை முடிந்த அந்த வாரத்திலேயே அவர்களுடைய புஸ்தகங்களைக் கேட்டுவிட வேண்டும். தாமதித்தால் பழைய பேப்பர்க்காரர் எடைக்கு வாங்கிப் போய்விடுவார்.

வந்த புஸ்தகம் பீரோவுக்குள் பூட்டுண்டு கிடப்பதற்குத் தணிக்கை பயமே முக்கிய காரணம். மானியத்தில் வாங்கியவற்றை இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, நன்கொடையாக வந்தவற்றுக்குத் தனி நோட்டு வைத்துக்கொண்டு, வருஷத்தில் சில பிரதிகள் கிழியும், தொலையும் என்பதை மேலாண்மைக் குழுவின் தீர்மானமாகவே முன்கூட்டி எழுதி வாங்கிவிட்டால், ஆசிரியர் அச்சமின்றிப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாம்.