வீட்டு நாயும் நம் ஆயுளும்



1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்தை விட்டு மட்டக்களப்புப் பக்கம் போய்க் குடியேறிய உறவுகள் நம்மில் பலருக்கு உண்டு. அங்கே வாவிக்கரை வளவிலும் சரி, இங்கே லயத்து வாசலிலும் சரி, ஒரு நாய் படுத்திருக்கும். அதனால் நமக்கு நன்மையா, தீமையா?

நன்மை உண்டு. அமெரிக்காவில் இருதய நோயாளிகள் 92 பேரைக் கவனித்த ஓர் ஆய்வு 1980இல் வெளிவந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய ஒரு வருடத்திற்குள், பிராணி வளர்த்த 53 பேரில் 3 பேரும், வளர்க்காத 39 பேரில் 11 பேரும் இறந்தார்கள். பிராணிதான் காப்பாற்றியது என்று இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தனியாக இருக்கும் வயசாளிக்கு நாய் ஒரு துணை. அதோடு நாலு எட்டு நடப்பதும் உடம்புக்கு நல்லதுதான்.

தீமை எது? விசர்நோய். 1973இல் இலங்கையில் 377 பேர் இதனால் மாண்டார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போடப் போட அந்தத் தொகை பெரிதும் குறைந்தது. ஆனாலும் நோய் ஒழியவில்லை. நோய்க்குறி கண்டபின் பிழைப்பது மிக மிக அரிது.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

1. நாய்க்கும் பூனைக்கும் வருடந்தோறும் விசர் தடுப்பூசி போடுவோம்.

2. கடித்தாலோ கீறினாலோ, உடனே சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவோம். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம்.

3. "நம்ம வீட்டு நாய்தானே" என்று இருந்துவிடாமல், அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போவோம். அங்கே ஊசிக்குக் காசில்லை.

4. அடிக்குப் பயந்து பிள்ளைகள் கடியை மறைப்பார்கள். அதட்டாமல் கேட்போம்.

நாயை விரட்ட வேண்டாம். ஊசி போட்டு வளர்ப்போம்.