ஆற்றுத் தண்ணீர்தானே என்று அலட்சியம் வேண்டாம்

"நம்மூருக்குள்ள வந்தது ஆத்துத் தண்ணி. சென்னை மாதிரி சாக்கடையா? வடிஞ்சு தரை காஞ்சதும் கூட்டிப் பெருக்கிட்டுக் குடிபோயிடலாம்." கொள்ளிடக் கரையில் திருமானூர், திருமழபாடி, தூத்தூர் என்று எந்தப் பக்கம் போனாலும் வெள்ளம் வடிந்த மறுநாள் இந்தப் பேச்சுதான். படித்தவர்களும் இதையே சொல்வதைக் கேட்டால் எரிச்சல் வருகிறது.

அந்தத் தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று யோசித்தீர்களா? 2018 ஆகஸ்ட்டில் முக்கொம்பு மேலணையின் 9 மதகுகளைச் சாய்த்த வெள்ளம் ஸ்ரீரங்கத்தையும் லால்குடியையும் தாண்டித்தான் அரியலூர் மாவட்டத்துக்கு வந்தது. வழியில் இருந்த குப்பைமேடு, மாட்டுக்கொட்டகை எதையாவது அது விட்டு வைத்திருக்குமா? பெரம்பலூர் பக்கம் கொள்ளிடம் மாதிரிப் பெரிய ஆறு இல்லை, பெரும்பாலும் ஏரி வழிந்தும் மருதையாறு கரை மீறியும்தான் தண்ணீர் புகும். அதில் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் அடித்த பூச்சிமருந்தும் சேர்ந்து வரும். எல்லாவற்றுக்கும் மேல், உங்கள் வீட்டுக் கழிப்பறைக் குழி. வெள்ளம் ஏறினால் குழிக்குள் இருப்பது மேலே வந்து கூடத்தில் நிற்கும். அதற்குப் பெயர் ஆற்றுத் தண்ணீரா?

"வடிந்துவிட்டது, காய்ந்துவிட்டது" என்பது இன்னும் பெரிய ஏமாற்று. முழங்கால் அளவு தண்ணீர் நின்ற பழைய தொகுப்பு வீடு ஒன்றின் சுவரைப் போய்ப் பாருங்கள். சேற்றுக் கோடு முழங்காலோடு நிற்கும், ஈரம் இடுப்பு வரை ஏறியிருக்கும். பூச்சைத் தட்டினால் பொத்தென்று பெயர்ந்து விழும், உள்ளே செங்கல் நசநசவென்று இருக்கும். மண்சுவர் என்றால் கேட்கவே வேண்டாம். நடுக்கூடம் இரண்டு நாளில் காய்ந்துவிடும். ஆனால் நெல் மூட்டைக்குப் பின்னால் இருக்கும் மூலையும், சுவரோர எலிவளையும், பெயர்ந்த தரைக்கு அடியில் இருக்கும் மண்ணும் காய வாரக்கணக்கில் ஆகும். எலியின் மூத்திரத்தில் வெளியேறும் லெப்டோஸ்பைரா கிருமி வெயிலில் காய்ந்தால் செத்துப்போகும். ஈரமண்ணில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெறுங்காலோடு சேறு அள்ளுகிறவரின் பித்தவெடிப்பு போதும், உள்ளே போய்விடும். எலி கடிக்க வேண்டியதில்லை.

அந்த எலிக்காய்ச்சல் வருவதோ 5 முதல் 14 நாள் கழித்து. அதற்குள் வெள்ளத்தையே மறந்திருப்பார்கள். கெண்டைக்கால் சதையில் கடும் வலி, கண் சிவப்பு, பிறகு மஞ்சள் காமாலை, மூத்திரம் குறைவது. மெடிக்கலில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், "வெள்ளச் சேற்றில் வேலை பார்த்தேன்" என்று வாய்திறந்து சொல்லுங்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் எலிக்காய்ச்சல் பரவியபோது, சேற்றில் இறங்குபவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரையை அரசே கொடுத்தது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அது பொதுவாக ஆகாது. மருத்துவரைக் கேட்காமல் யாரும் விழுங்க வேண்டாம்.

1956 நவம்பரில் மருதையாற்று வெள்ளத்தில் கவிழ்ந்த ரயிலை அரியலூர் இன்னும் மறக்கவில்லை. ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவியை விட்டார். அடித்துக்கொண்டு போகும் வெள்ளத்தைத்தான் நாம் வெள்ளம் என்கிறோம். பல நாள் கழித்து வரும் காய்ச்சலை அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் செலவழிக்க வேண்டாம். நாற்றம் இல்லாவிட்டால் கிருமி இல்லை என்பது பொய். படிகாரமும் தேத்தாங்கொட்டையும் கலங்கலைத் தெளியவைக்கும், கிருமியைக் கொல்லாது. புகை அடிப்பது கொசுவுக்கு மட்டும். துருப்பிடித்த தகரம் கீறினால் மஞ்சள் தடவுவது போதாது, டி.டி. ஊசி போட வேண்டும். சேற்றின் மேல் ப்ளீச்சிங் பவுடரைக் கோலமாவு மாதிரி தூவுவது வீண். சேறே அதன் வீரியத்தைத் தின்றுவிடும். முதலில் சேற்றை வழித்துக் கழுவுங்கள், பிறகு 10 லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம் கரைத்துத் தரையிலும் சுவரடியிலும் ஊற்றுங்கள். பாத்ரூம் ஆசிடோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும்.

குடிதண்ணீர் விஷயத்தில்தான் எனக்குப் பெரிய கோபம். தொட்டியில் பவுடர் போட்டாயிற்று என்று பதிவேட்டில் எழுதுகிறார்கள். போட்டது கடைசித் தெருக் குழாய் வரை வந்து சேர்ந்ததா என்று யார் பார்ப்பது? குளோரின் அளக்கும் குளோரோஸ்கோப் பெட்டியின் குழலில் அந்தக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, ஆர்த்தோடாலிடின் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வர வேண்டும். சாதாரண நாளில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும், வெள்ளக் காலத்தில் 0.5. நிறமே வராவிட்டால் அந்தத் தெருவுக்குப் போவது வெறும் தண்ணீர். ஒவ்வொரு ஊராட்சியிலும் டேங்க் ஆபரேட்டர் கையில் இந்தப் பெட்டி இருக்க வேண்டும், அன்றன்றைய அளவைத் தொட்டியடிப் பலகையில் எழுத வேண்டும். கிராம சபையில் எழுந்து இதைக் கேளுங்கள். பவுடர் மூட்டை எங்கே கிடக்கிறது என்றும் கேளுங்கள். வாய்திறந்து ஈரத்தில் கிடந்த பவுடரில் குளோரின் பெரும்பாலும் போயிருக்கும், அதை எத்தனை கிலோ கொட்டினாலும் பயனில்லை.