பின் சக்கரத்து பிரேக்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் பூப்பாறை என்று ஓர் ஊர் இருக்கிறது. சுற்றிலும் ஏலத் தோட்டங்கள். அங்கே வேலை செய்பவர்களில் பலர் தமிழர்கள். பூப்பாறையிலிருந்து போடிமெட்டுக்கு ஏறி, அந்தப் பக்கம் போடிநாயக்கனூருக்கு இறங்க வேண்டும். இறக்கத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலக்காய் மூட்டை ஏற்றிய பிக்கப் வண்டிகள் அந்தப் பாதையில் ஏறி இறங்குகின்றன.

அப்படி ஓடும் ஒரு பிக்கப் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

“அண்ணே, இன்ஜின் ஆயில் மட்டும் மாத்துங்க. மத்தியானம் லோடு இருக்கு. சீக்கிரம் விட்டுருங்க.”

“பிரேக் எப்படி இருக்கு தம்பி?”

“நல்லாத்தான் பிடிக்குது. வர்ற வழியில மாடு ஒண்ணு குறுக்கே வந்துச்சு. மிதிச்சதும் நின்னுருச்சு.”

“அப்ப வண்டியில லோடு இருந்துச்சா?”

“இல்லைண்ணே. காலி வண்டி.”

மெக்கானிக் பின் சக்கரத்தின் பக்கம் குனிந்து பார்க்கிறார். டயரின் உள்பக்கம் ஈரமாக இருக்கிறது. விரலால் தொட்டுப் பார்க்கிறார். எண்ணெய்.

“தம்பி, இந்த வண்டி உன்னை ஏமாத்துது” என்கிறார்.

வண்டி எப்படி ஏமாற்றும்? பார்ப்போம்.

முன்னே டிஸ்க், பின்னே டிரம்

நம் நாட்டில் ஓடும் சிறிய பிக்கப் வண்டிகள் பலவற்றில் முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருக்கும். பின் சக்கரத்தில் டிரம் பிரேக் இருக்கும். டிரம் என்பது இரும்புச் சட்டி போன்றது. அது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். அதற்குள்ளே பிறை நிலா வடிவத்தில் இரண்டு ஷூக்கள் இருக்கும். ஷூவின் மேல் லைனிங் ஒட்டியிருக்கும்.

ஓட்டுநர் பெடலை மிதிக்கிறார். மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைக் குழாய் வழியாகத் தள்ளுகிறது. சக்கரத்தில் உள்ள சிறிய சிலிண்டர் இரண்டு ஷூக்களையும் வெளியே தள்ளுகிறது. லைனிங் டிரம்மின் உள்சுவரில் உரசுகிறது. சக்கரம் நிற்கிறது. காலை எடுத்தால் ஸ்பிரிங் ஷூக்களைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடும்.

டிஸ்க் பிரேக் வெளியே தெரியும். கழுவும்போதே பார்த்துவிடலாம். டிரம் அப்படி இல்லை. சக்கரத்தைக் கழற்றி, டிரம்மையும் கழற்றினால்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். அதனால்தான் பலர் பார்ப்பதில்லை.

காலி வண்டி சொல்லும் பொய்

பிக்கப் வண்டியின் இன்ஜின் முன்பக்கம் இருக்கிறது. காலியாக ஓடும்போது பின்பக்கம் லேசாக இருக்கும். பிரேக் பிடித்தால் கனம் இன்னும் முன்னால் சாயும். அப்போது வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் முன் பிரேக்தான். பின் பிரேக் பாதி செத்திருந்தாலும் ஓட்டுநருக்குத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. மாஸ்டர் சிலிண்டரில் இரண்டு அறைகள் இருக்கும. பல பிக்கப் வண்டிகளில் ஓர் அறை முன் சக்கரங்களுக்கு, மற்றது பின் சக்கரங்களுக்கு. பின்பக்க ஆயில் முழுவதும் ஒழுகிப்போனாலும் முன்பக்கம் வேலை செய்யும். இது உயிரைக் காக்கச் செய்த ஏற்பாடு. ஆனால் நாம் அதையே பார்த்து, “பிரேக் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிடுகிறோம்.

மூட்டை ஏற்றிய பிறகு கதை வேறு. பாரத்தின் பெரும்பகுதி பின் அச்சின் மேல் உட்காருகிறது. இப்போது பின் பிரேக்கும் நன்றாக உழைக்க வேண்டும். அது உழைக்காவிட்டால் எல்லா வேலையும் முன் பிரேக்கின் தலையில் விழும். அது சூடேறித் தளரும். பின் பிரேக் இல்லை என்ற செய்தி ஓட்டுநருக்கு எங்கே கிடைக்கிறது? ஒர்க்‌ஷாப்பில் அல்ல. இறக்கத்தில், நான்காவது ஐந்தாவது வளைவில்.

டிரம்மைக் கழற்றினால்

மெக்கானிக் டிரம்மைக் கழற்றுகிறார். லைனிங் எண்ணெயில் ஊறிப் பளபளவென்று இருக்கிறது.

“பாரு. வீல் சிலிண்டர் ரப்பர் போயிருச்சு. ஆயில் கசிஞ்சு லைனிங்ல இறங்கியிருக்கு. எண்ணெய்க் கையால வழுக்குமரம் ஏற முடியுமா?”

“ஆயில் குறையுதுன்னு நான் அப்பப்ப ஊத்திக்கிட்டுத்தான் இருந்தேன்ணே.”

“ஊத்தினா போதுமா? அது எங்க போகுதுன்னு பாக்க வேண்டாமா?”

பிரேக் ஆயில் குறைய இரண்டு காரணங்கள் உண்டு. லைனிங் தேய்ந்தால் மெதுவாகக் குறையும். கசிந்தால் வேகமாகக் குறையும். இரண்டுமே டிரம்மைத் திறந்து பார்க்க வேண்டிய நேரம்தான். வீல் சிலிண்டர் மட்டும் அல்ல, அச்சின் ஆயில் சீல் போனாலும் கியர் எண்ணெய் டிரம்முக்குள் வந்துவிடும். ஒரு பக்கம் எண்ணெய் பட்டு, மறு பக்கம் காய்ந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மழை பெய்த சாலையில் இது மிக ஆபத்து.

எண்ணெயில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, தீயில் காட்டி, மறுபடியும் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இது தவறு. எண்ணெய் உள்ளே ஊறியிருக்கும். சூடேறினால் மீண்டும் கசியும். கசிவைச் சரிசெய்து, இரண்டு பின் சக்கரங்களிலும் ஷூக்களைச் சேர்த்தே மாற்ற வேண்டும்.

டிரம்முக்குள் கறுப்புத் தூசி இருக்கும். சில லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். காற்றடித்து ஊதக் கூடாது. ஈரத் துணியால் துடைக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் உதவிக்கு நிற்கும் பையன்கள்தான் இந்தத் தூசியை அதிகம் சுவாசிக்கிறார்கள்.

கூடுதல் பட்டை செய்யும் வேலை

அதிக பாரம் ஏற்ற வேண்டும் என்று பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போடுகிறார்கள். வண்டி தாழாது, அழகாக நிமிர்ந்து நிற்கும். இதில் ஒரு கேடு மறைந்திருக்கிறது.

பல பிக்கப் வண்டிகளில் பின் அச்சுக்கு மேலே ஒரு வால்வு இருக்கும். ஒரு கம்பி அதை அச்சோடு இணைக்கும். பாரம் ஏறினால் வண்டியின் உடல் தாழும். கம்பி அசையும். வால்வு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். காலியாக இருந்தால் அழுத்தத்தைக் குறைக்கும். இல்லாவிட்டால் லேசான பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும்.

கூடுதல் பட்டை போட்டால் பாரம் ஏறியும் உடல் சரியாகத் தாழாது. வண்டி காலி என்றே வால்வு நினைத்துக்கொள்ளும். பாரம் அதிகம், பிரேக் குறைவு! கம்பி வளைந்தாலும் கழன்று தொங்கினாலும் இதே கதிதான்.

சூடு

இறக்கம் முழுவதும் பெடலை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறும். சூடேறிய இரும்பு விரியும். டிரம் ஷூவை விட்டு விலகிப் போகும். பெடல் இன்னும் கீழே இறங்கும். லைனிங்கின் பிடியும் குறையும். கருகிய வாசனை வந்தால் அது எச்சரிக்கை. ஒதுங்கி நிறுத்தி, தானாக ஆறவிட வேண்டும். கொதிக்கும் டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம்.

பிரேக் ஆயிலும் கொதிக்கும். அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். பெடலை மிதித்தால் ஆவிதான் நசுங்கும், ஷூ நகராது. ஆகவே சுமார் 2 ஆண்டுக்கு ஒரு முறை முழு ஆயிலையும் மாற்றுவது நல்லது. அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றவே கூடாது. ரப்பர் எல்லாம் ஊதிப்போகும்.

ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அந்தக் கியர் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வார்கள். அது சரியான கணக்கு. இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில், இன்ஜினையும் அணைத்துவிட்டு இறங்குகிறவர்கள் உண்டு. இன்ஜின் அணைந்தால் பெடலுக்கு உதவும் பூஸ்டர் இரண்டு மூன்று மிதியில் ஓய்ந்துவிடும். பிறகு பெடல் கல் மாதிரி இருக்கும். மிச்சமான டீசல் எத்தனை ரூபாய்?

கால் பிரேக் போனால் ஹேண்ட் பிரேக் இருக்கிறதே என்று நினைக்கலாம். பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் ஹேண்ட் பிரேக் கேபிள் இழுப்பதும் அதே பின் ஷூக்களைத்தான். எண்ணெயில் ஊறிய ஷூவை யார் இழுத்தாலும் வழுக்கும்.

பின்னால் ஏறுகிறவர்கள்

தோட்ட வேலை முடிந்து, கிடைத்த வண்டியில் மூட்டை மேல் ஏறி வருகிறவர்கள் இருக்கிறார்கள். பெண்கள்தான் அதிகம். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். இழப்பீட்டிலும் சிக்கல் உண்டு. சரக்கு வண்டியில் பயணியாக ஏறியவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர வேண்டிய கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. சரக்குக்குச் சொந்தக்காரரோ அவருடைய ஆளோ உடன் வந்தால் அது வேறு. கூலிக்குப் போய்வரும் அக்காவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

“பஸ் ஆறு மணிக்கு மேலதான் வரும். பிள்ளை பசியோட இருக்கும்” என்று அவர்கள் சொல்வதும் உண்மைதான். ஆள் ஏற்றும் வண்டியை ஏற்பாடு செய்யும்படி தோட்டத்திலும் ஏஜெண்டிடமும் ஒன்றாகச் சேர்ந்து கேட்க வேண்டும். ஒருவர் கேட்டால் மறுநாள் வேலை இல்லை என்பார்கள். எல்லாரையும் நிறுத்த முடியாது.

பிரேக்கைப் பற்றி ஓட்டுநரைக் கேட்க மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. பின் டயரின் உள்பக்கம் ஈரமா? ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் முன்பைவிட அதிகமான பல் ஏறுகிறதா? இழுத்த பிறகும் மேட்டில் வண்டி நகர்கிறதா? டேஷ்போர்டில் சிவப்பு பிரேக் விளக்கு அணையாமல் எரிகிறதா? பின்னாலிருந்து இரும்பும் இரும்பும் உரசுகிற ‘கர்ர்’ சத்தம் வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அந்த வண்டி இறக்கத்தில் இறங்கக் கூடாது.

ஓடும்போதே பிரேக் போய்விட்டால் பெடலை விட்டு விட்டு வேகமாக மிதிக்க வேண்டும். கியரை ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். ஹாரன் அடித்து, விளக்கைப் போட்டு எதிரே வருபவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு வழி இல்லை என்றால் பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கத்து மண் திட்டில் உரசி நிறுத்த வேண்டும். சாவியை மட்டும் திருப்பிவிடக் கூடாது. ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம்.

கலந்து பேசுங்கள்

உங்கள் பகுதியில் ஓடும் பிக்கப் வண்டிகளில் பின் டிரம்மைக் கடைசியாக எப்போது கழற்றிப் பார்த்தார்கள்? ஓட்டுநர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள். கூடுதல் பட்டை போட்ட வண்டிகள் எத்தனை என்று எண்ணுங்கள். உங்கள் தெருவில் யார் யார் சரக்கு வண்டியில் வேலைக்குப் போகிறார்கள்?