நிழல் கண்டு மூழ்கும் புழுக்கள்

முட்டையிலிருந்து வெளிவந்து கூட்டுப்புழுவாக மாறும் வரையில், உண்பதும் வளர்வதுமே தொழிலாகக் கொண்டிருக்கும் பருவத்தைப் பூச்சியின் இளம்புழுப் பருவம் என்பர். அறிவியல் நூல்கள் இதனை லார்வா எனக் குறிப்பிடும். கோஸ் இலையைத் துளைக்கும் பச்சைப் புழுவும், பழைய மாவில் நெளியும் வெண்புழுவும், தேங்கிய நீரில் துள்ளும் கொசுப்புழுவும் இப்பருவத்தைச் சேர்ந்தவையே. இவற்றின் கண்கள் நம்முடைய கண்களைப் போல் தெளிவாகப் பார்க்க வல்லவை அல்ல. ஆயினும் ஒளி, தொடுகை, அதிர்வு, ஈரம், வெப்பம் ஆகியவற்றை உணர்ந்து அவற்றுக்கேற்ப இயங்குகின்றன. வெளியிலிருந்து வரும் மாற்றத்தைத் தூண்டல் என்றும், அதற்கு உயிர் காட்டும் செயலைத் துலங்கல் என்றும் நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கின்றனர். இவ்விரண்டையும் நேரில் காண்பதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு கண்ணாடிப் போத்தலும், ஒரு சப்பாத்துப் பெட்டியும், சற்றுப் பொறுமையும் இருந்தால் போதும்.

இத்தகைய சோதனைகளுக்குக் கேமரன் மலை நல்லதோர் இடமாகும். 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்பவர் நில அளவைக்காகச் சென்ற அம்மலையில், 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்றது. போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி முதலிய தோட்டங்களின் பெயர்களைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் அங்கு உண்டு. தேயிலைச் சரிவுகளுக்கு அடுத்தாற்போலவே முட்டைக்கோஸ் தோட்டங்களும் பரவியிருப்பதால், அங்குள்ள மாணவர்கள் புழுவைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கோஸ் இலையில் காணப்படும் சிறு பச்சைப் புழு, வைரமுதுகு அந்துப்பூச்சியின் இளம்புழுவாகும். முழு வளர்ச்சியடைந்த பின்னும் அது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமே இருக்கும். புழுவோடு கூடிய இலையொன்றை மேசை விளிம்புக்கு வெளியே நீட்டியவாறு வைத்து, கோழியிறகின் நுனியால் அதன் தலைப்பக்கத்தை மெல்லத் தொட வேண்டும். புழு உடலை வெடுக்கென வளைத்துப் பின்னோக்கி நெளியும். மேலும் தொட்டால் இலையை விட்டு விழுந்து, தன் வாயிலிருந்து வரும் நூலில் தொங்கும். ஆபத்து நீங்கியபின் அந்நூலைப் பற்றியே மேலேறி இலையை அடையும். தலையைத் தொட்டபோது நிகழ்ந்தது வாலைத் தொட்டபோதும் நிகழ்ந்ததா? இறகுக்குப் பதிலாக வாயால் ஊதினால் என்ன ஆகிறது? மேலேறி வர எத்தனை நிமிடம் பிடிக்கிறது? இவற்றைப் பத்துப் புழுக்களிடம் கண்டு குறித்துக்கொள்வதே பாடம்.

மலைப்பகுதிக்குரிய ஒரு கூறினை ஆசிரியர்கள் மறக்கலாகாது. பூச்சிகளுக்கு நம்மைப் போல் நிலையான உடற்சூடு கிடையாது. சுற்றுப்புறம் குளிர்ந்தால் அவையும் குளிர்ந்து மந்தமாகும். ஆகவே குளிர்ந்த காலையில் ஐந்து புழுக்களையும் வெயிலேறிய நண்பகலில் ஐந்து புழுக்களையும் சோதித்து, பத்தையும் ஒரே கணக்கில் சேர்ப்பது முறையாகாது. மாறாக, அவ்விரு வேளைகளையும் வேண்டுமென்றே ஒப்பிட்டால் அதுவே தனிச் சோதனையாகிவிடும்.

நூலில் தொங்கித் தப்பும் இப்புழுவின் பழக்கம் வெறும் வேடிக்கையன்று. கேமரன் மலைக் காய்கறி விவசாயிகளுக்குப் பெருந்தொல்லையாக விளங்கிய இப்பூச்சி, தெளிக்கப்பட்ட மருந்துகள் பலவற்றுக்கும் பழகி எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டது. எனவே 1970களில் டயடெக்மா என்னும் சிறு குளவி வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு அங்கே விடப்பட்டது. இக்குளவி புழுவின் உடலுக்குள் முட்டையிடும். பொரிக்கும் குஞ்சுக்கு அப்புழுவே உணவாகும். புழு நூலில் இறங்கிவிட்டால் குளவி என்ன செய்யும்? பின்தொடர்ந்து கீழே இறங்குவதில்லை. நூல் தொங்கும் இடத்தருகே காத்திருந்து, புழு ஏறி வரும்போது கொட்டுகிறது! புழுவுக்குத் தப்ப ஒரு துலங்கல். அதனை வெல்லக் குளவிக்கும் ஒரு துலங்கல்.

ஒளியைப் பற்றிய சோதனைக்குப் பழைய மாவில் உண்டாகும் வண்டுப் புழுக்கள் ஏற்றவை. சப்பாத்துப் பெட்டியின் ஒரு பாதியை மட்டும் மூடி, மறுபாதியில் வெளிச்சம் விழச் செய்து, பத்துப் புழுக்களை நடுவில் விட்டுப் பத்து நிமிடம் கழித்து எண்ண வேண்டும். இருட்டில் ஒன்பதும் வெளிச்சத்தில் ஒன்றும் இருப்பின், புழுக்கள் ஒளியை விலக்கின என்று உடனே எழுதிவிடலாமா? மேசை அப்பக்கமாகச் சாய்ந்திருந்தால்? ஆகவே மூடியை மறுபாதிக்கு மாற்றி மீண்டும் ஒருமுறை செய்ய வேண்டும். அப்பொழுதும் புழுக்கள் இருட்டுப் பக்கமே சேர்ந்தால்தான் முடிவு உறுதிப்படும். ஐந்தும் ஐந்துமாகப் பிரிந்தால் அதுவும் ஒரு முடிவே. அதனை மாணவர் மறைக்கக் கூடாது. ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்னும் இவ்விதியைப் பிள்ளைகள் மனத்தில் பதித்துவிட்டால், பின்னர் எந்த அறிவியல் தேர்வுக்கும் அவர்கள் அஞ்ச வேண்டியதில்லை என்பது ஆசிரியப் பயிற்சி பெற்ற அடியேனின் கருத்து.

இன்னொன்றும் கூற வேண்டும். "புழுவுக்கு வெளிச்சம் பிடிக்கவில்லை" என்று எழுதும் மாணவனுக்கு அரை மதிப்பெண்ணே தரலாம். பிடித்தலும் பிடிக்காமையும் நம் ஊகம். நாம் கண்டது நகர்ச்சி மட்டுமே. ஜாக் லோப் என்னும் விஞ்ஞானி, பசித்த ஒருவகைக் கம்பளிப்புழுக்கள் ஒளியை நோக்கியே செல்வதைக் கண்டார். இயற்கையில் அது அவற்றைக் கிளை நுனியிலுள்ள தளிருக்குக் கொண்டு சேர்க்கிறது. ஆனால் கண்ணாடிக் குழாயின் இருண்ட முனையில் தளிரை வைத்தபோது, அவை ஒளியுள்ள முனையிலேயே பசியோடு தங்கிவிட்டன. வயிறு நிறைந்தபின் அவற்றுக்கு அவ்வொளி நாட்டம் இல்லாமற் போயிற்று என்பதும் அவர் கண்டதே.

இனி, ரப்பர் தோட்டத்துப் பெற்றோர் வீட்டிலேயே செய்து காட்டக்கூடிய சோதனைக்கு வருவோம். கொசுப்புழுக்கள் இருபது அளவில் கண்ணாடிப் போத்தலில் நீரோடு எடுத்து, வாயைத் துணியால் கட்டி, சன்னலோரம் அசையாமல் வைக்க வேண்டும். சற்று நேரத்தில் அவை நீரின் மேற்பரப்பில் வந்து தொங்கும். அவை சுவாசிப்பது அங்குதான். இப்பொழுது மேசையைத் தொடாமல், ஓர் அட்டையின் நிழல் மட்டும் போத்தலின் மீது விழுமாறு செய்க. கண்ணிமைக்கும் நேரத்தில் பெரும்பாலானவை துள்ளி அடியில் மூழ்கிவிடும். மேலே எஞ்சியவற்றை எண்ணிக் குறித்துக்கொண்டு, மூழ்கியவை திரும்பும் வரை காத்திருக்க வேண்டும்.

அரை நிமிடத்துக்கொருமுறை இவ்வாறே நிழலிட்டு வந்தால், மூழ்குபவற்றின் தொகை சிறிது சிறிதாகக் குறைவதைக் காணலாம். தீங்கு விளைவிக்காத நிழலுக்குப் புழு பழகிவிடுகிறது. கென்னத் மெல்லன்பி என்னும் ஆங்கிலேய ஆய்வாளர் 1958இல் இதனை ஆராய்ந்து எழுதியுள்ளார். ஒருவேளை அவை களைத்துப் போயிருக்குமோ? அதையும் சோதிக்கலாம். நிழலுக்கு அசையாத புழுக்கள் இருக்கும் போத்தலை விரலால் ஒருமுறை தட்டிப் பாருங்கள். மூழ்கினால் களைப்பு காரணமன்று என்பது விளங்கும்.

இச்சோதனை நம் தோட்டங்களில் உயிர்காக்கும் செய்தி ஒன்றைக் கூறுகிறது. பால்வெட்டு நிறுத்தப்பட்ட மரங்களில் நிமிர்ந்தபடியே விடப்படும் மங்குகளில் மழைநீர் தேங்குகிறது. டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் இனக் கொசுக்களுள் ஒன்றான ஏடிஸ் அல்போபிக்டஸ், இத்தகைய சிறு நீர்த் தேக்கங்களில் முட்டையிடும். 1962இல் பினாங்கில் இரத்தக்கசிவு டெங்கி கண்டறியப்பட்டது முதல் இந்நாடு இந்நோயுடன் போராடி வருகிறது. நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டம் 1975இல் இயற்றப்பட்டதும் இதன் பொருட்டே. இந்நிலையில், நிரையில் நடந்து செல்பவர் ஒரு மங்கின் மேல் குனிந்து பார்க்கிறார். அவருடைய நிழல் நீரில் விழுகிறது. புழுக்கள் அடியிற்சென்று, கசடோடும் உதிர்ந்த இலையோடும் ஒளிந்துகொள்கின்றன. "ஒன்றுமில்லை" என்று அவர் அடுத்த மரத்துக்குப் போய்விடுகிறார்.

ஆதலால் எட்டிப் பார்ப்பது மட்டும் சோதனையாகாது. நிழல் விழாதவாறு ஒருபுறமாக நின்று, ஓரிரு நிமிடம் அசையாதிருந்தால், மூச்சு விடுவதற்காகப் புழு மேலே வந்தே தீரும். அதனினும் எளிது, நீரை வெண்ணிறத் தட்டில் கொட்டிப் பார்ப்பது. வீட்டுப் பூச்சாடித் தட்டு, குளியலறைத் தொட்டி, பழைய டயர் ஆகியவற்றுக்கும் இம்முறையே பொருந்தும். நீரைக் கொட்டியபின் மங்கின் உட்புறத்தைத் தேய்த்துக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஏனெனில் ஏடிஸ் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும்.

சோதனை செய்யும் பிள்ளைகளுக்குச் சில எச்சரிக்கைகள்: உரோமமோ முள்ளோ உள்ள புழுக்களை வெறுங்கையால் தொடக் கூடாது, அவற்றுட் சில கடும் எரிச்சலை உண்டாக்கும். மருந்து தெளித்த வயலிலிருந்து இலை பறிக்கலாகாது. வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும். கொசுப்புழுப் போத்தலை இரண்டு நாளுக்கு மேல் வைத்திருத்தல் கூடாது. நமது தாழ்நிலத்து வெப்பத்தில் முட்டை ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகிவிடும். தலை பருத்து, காற்புள்ளி போல் வளைந்த கூட்டுப்புழு ஒன்று கண்ணில் பட்டாலும், அன்றைக்கே போத்தல் நீர் முழுவதையும் வெயில் படும் காய்ந்த மண்ணில் கொட்டிவிட வேண்டும்.